ஃப்ரேடல் வீட்டு ஓவன்

அஹுவா ஒமாஹாவிலிருந்து திரும்பிய அன்று, வாசற்கதவைத் திறக்கும்போதே நாற்றம் முகத்தில் அடித்தது. பஸ்கா பண்டிகை நெருங்கிவிட்டால், யூதர்கள் நிறைந்த டீனெக் ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் கருகல் வாடை வரும்தான். புளித்த மாவின் துணுக்குகூட வீட்டில் தங்கக் கூடாது என்பதால், ஓவனைக் கழுவித் துடைப்பதோடு நிறுத்தாமல் எரிக்கவும் போடுவார்கள். பொத்தானை அமுக்கினால் கதவு தானே பூட்டிக்கொள்ளும். உள்ளே ஒட்டியிருக்கும் கொழுப்பு, மாவு, சர்க்கரை எல்லாம் வெந்து சாம்பலாகும். அந்த வாடை அஹுவாவுக்குப் பழக்கம். இது வேறு. கொல்லன் பட்டறைக்குள் நுழைந்தது போலிருந்தது.

பெட்டியைக் கூடத்திலேயே போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஓவன்கள் பதிக்கப்பட்டிருந்தன. பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்பதால் மேலே இருப்பது பால் பண்டங்களுக்கு, கீழே இருப்பது இறைச்சிக்கு. கீழ் ஓவன் பூட்டிக்கொண்டு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலருகே அவள் மாமியார் ஃப்ரேடல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்ட ஃப்ரேடல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "உன் புருஷன் உனக்கு ஒத்தாசை பண்றானாம். காலையில அவனே தட்டையெல்லாம் கழட்டிட்டு ஓவனை எரிக்கப் போட்டுட்டுக் கிளினிக்குக் கிளம்பிட்டான். கொடுத்து வச்சவ நீ."

"என்ன அத்தை, இப்படி நாறுது?"

"நீ அதுல எதையெதைச் சமைச்சியோ, எனக்கென்ன தெரியும்?"

அஹுவா ஊரில் இல்லாத நாட்களில் ஃப்ரேடல்தான் இங்கே வந்து தங்கி, மகனுக்கும் இரண்டு பேத்திகளுக்கும் சமைத்துப் போட்டாள். இந்த ஓவன்களை வாங்கித் தந்தவளும் அவள்தான். வீட்டைப் புதுப்பித்தபோது மருமகளை ஒரு வார்த்தை கேட்காமல் நியூயார்க்குக்குப் போய், இருப்பதிலேயே உயர்ந்ததாகப் பார்த்து எடுத்தாள். உட்புறம் முழுக்கக் கருநீல எனாமல், மையை ஊற்றி உறைய வைத்தாற்போல் மின்னும். "இந்த எனாமல் உங்க பேத்திங்க கல்யாணத்தைப் பார்க்கும்" என்று கடைக்காரர் சொன்னாராம். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஃப்ரேடல் அதைச் சொல்வாள். சொல்லிவிட்டு, "ஒழுங்கா வச்சுக்கிட்டாப் பார்க்கும்" என்று மருமகள் பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பாள்.

அஹுவாவும் யூதப் பெண்தான். ஆனால் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில் அவள் பிறந்த வீட்டில் ஆசாரம் என்று எதுவும் கிடையாது. பாலாடைக்கட்டியும் கறியும் ஒரே ஓவனில் வெந்தன. படிக்கிற வயதில் அவளாக விரும்பி ஆசார வழிக்கு வந்தாள். பிறகு எல்கானனைக் கட்டிக்கொண்டு டீனெக்குக்கு வந்தாள். கல்யாணமாகி மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயதாகப் போகிறது. இன்னும் ஃப்ரேடலுக்கு அவள் நேற்று வந்தவள். மருமகள் சமைத்ததை ஃப்ரேடல் தொட்டதில்லை. விருந்துக்கு வந்தால் தன் உணவைத் தன் டப்பாவிலேயே கொண்டுவந்து, காகிதத் தட்டில் வைத்து, எல்லோர் எதிரிலும் சாப்பிடுவாள். கேட்டால், "எனக்கு வயிறு சரியில்லைம்மா" என்பாள். அவளுக்கு வயிறு ஒருநாளும் கெட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

சாயங்காலம் எல்கானன் வந்த பிறகுதான் ஓவன் ஆறிப் பூட்டுத் திறந்துகொண்டது. அஹுவா கதவை இறக்கினாள்.

ஓவனின் அடித்தளத்தில் ஒரு பெரிய வெள்ளித் திட்டு, உருகி ஓடி உறைந்து கிடந்தது. அதைச் சுற்றி எனாமல் சில்லுச் சில்லாக வெடித்திருந்தது. பல இடங்களில் கருநீலம் பெயர்ந்து அடியிலிருந்த இரும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அவள் விரலால் தொட்டதும் இன்னொரு சில்லு கையோடு வந்தது.

"அலுமினிய ஃபாயில்" என்றாள் அஹுவா. "யாரோ அடியில ஃபாயில் விரிச்சிருக்காங்க. அதோட எரிச்சிருக்கு."

ஃப்ரேடல் குனிந்து பார்த்தாள். வாயில் இரண்டு முறை உச்சுக் கொட்டினாள். "நான் வந்தப்பவே இருந்துச்சு. மருமக வச்சதை நான் எடுத்தா நாளைக்கு அதுக்கும் ஒரு பேச்சு வரும்னு விட்டுட்டேன். நெப்ராஸ்காவுல இப்படித்தான் பாய் மாதிரி விரிப்பீங்களோ?"

"நான் ஃபாயில் வைக்கவே மாட்டேன் அத்தை."

"அப்ப அதுவா நடந்து வந்து படுத்துக்கிச்சாக்கும்."

அஹுவா கணவனைப் பார்த்தாள். ஊரில் பாதிப் பேருக்குப் பல் பார்க்கிற எல்கானன், கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். "நான் தட்டைக் கழட்டினேன், பொத்தானை அமுக்கினேன். அவ்வளவுதான். இப்ப யார் வச்சாங்கன்னு பேசி என்ன ஆகப் போகுது?"

"ஆகப் போறதைச் சொல்றேன் கேளு" என்றாள் ஃப்ரேடல். "இவ்வளவு விரிசலுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இந்த வருஷம் பஸ்கா விருந்து என் வீட்டுல. பிள்ளைங்க என்னோட சாப்பிடட்டும். அஹுவாவும் வரலாம். சமைச்சு எதையும் எடுத்துட்டு வர வேணாம். அவ்வளவுதான்."

அன்று இரவு முழுக்க அஹுவா யோசித்துக்கொண்டே இருந்தாள். அப்பா ஆஸ்பத்திரியில் என்று செய்தி வந்த அவசரத்தில், பிள்ளைகளுக்காகக் கோழியை வைத்துவிட்டுக் கிளம்பினாளே, அப்போது தானே விரித்திருப்பாளோ? செய்யாத ஒன்றைச் செய்தது போல் மனது படம் போட்டுக் காட்டத் தொடங்கிவிட்டது. ஃபாயில் சுருளைக் கிழிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

பழுது பார்க்க வந்தவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "இதுக்கு வாரண்டி கிடையாதும்மா. எனாமல்னா வேறென்ன, இரும்பு மேல உருக்கி ஒட்டின கண்ணாடி. உடைஞ்ச கண்ணாடிக்கு நான் எங்க ஒட்டுப் போட? ஓவனையே மாத்தணும். பண்டிகைக்குள்ள வராது."

ஆசாரச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் ஊரே கேட்கிற ஜெப ஆலயத்துக் குரு, ரபியும் வந்து பார்த்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஒட்டிக்கிட்டிருந்தது எல்லாம் எரிஞ்சு போச்சும்மா. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. மனசு ஒப்பலைன்னா பண்டிகை முடியற வரைக்கும் மேல் ஓவனை எரிச்சுட்டு அதை வச்சுக்கோ. வருத்தப்படாதே" என்றார்.

அதை மாமியாரிடம் சொன்னாள். ஃப்ரேடல் தலையை ஆட்டினாள். "ரபி பாவம். யார் மனசையும் நோகடிக்க மாட்டார்."

ஃப்ரேடல் வீட்டு ஓவன் முப்பது வருடத்துப் பழசு. அதுவும் சுவரில் பதித்ததுதான். அக்கம்பக்கத்தில் அதற்கென்று ஒரு பெயர் உண்டு. பஸ்கா வந்தால் அந்தத் தெருப் பெண்கள் பலர் தங்கள் இறைச்சியைக் கொண்டுவந்து ஃப்ரேடல் வீட்டு ஓவனில் வேகவைத்து எடுத்துப் போவார்கள். தங்கள் வீட்டு ஓவனை எரித்திருந்தாலும் சரி, ஃப்ரேடலின் ஓவனில் வெந்தது என்றால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஃப்ரேடலுக்கு அது பெருமை. "முப்பது வருஷம். ஒரு கீறல் இல்லை. வச்சுக்கிற கை வேணும்" என்பாள்.

அஹுவா தினமும் அங்கே போய் உருளைக்கிழங்கு உரித்தாள், வெங்காயம் நறுக்கினாள். வருகிற பெண்களிடம் ஃப்ரேடல் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதையைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளித் திட்டு கொஞ்சம் பெரிதானது.

ஒருநாள் அடுத்த வீட்டு பெஷா முள்ளங்கி சீவிக்கொண்டே கேட்டாள்: "ஊர்ப் பல்லுக்கெல்லாம் எனாமல் பார்க்கிற டாக்டர் வீட்டுல ஓவனுக்கே சொத்தை விழுந்துடுச்சாமே?"

பெண்கள் சிரித்தார்கள். ஃப்ரேடல் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அஹுவாவும் சிரிக்க வேண்டியிருந்தது.

பெஷா அப்படிப் பேசியதில் அஹுவாவுக்கு ஆச்சரியம்தான். சில வருடங்களுக்கு முன் பெஷாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. அன்று காலையில் பெஷாவின் ஓவனில் ஒரு விரிசலைப் பார்த்த ஃப்ரேடல், அதை அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்தவர்களிடம் ஒவ்வொருவராக, காதோடு காதாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் பழத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். மறுவாரம் பெஷா ஓவனைப் பெயர்த்துத் தெருவில் போட்டாள். அந்த பெஷாதான் இப்போது ஃப்ரேடலைச் சிரிக்க வைக்கப் பாடுபட்டாள். அந்த வீட்டில் சிரிக்கப்படுகிற இடத்தில் இன்னொருத்தி இருக்கிறாள் என்றால் மற்றவர்களுக்கு நிம்மதி.

பண்டிகைக்கு முந்தின வாரம், ஃப்ரேடல் மகனோடு திராட்சை ரசம் வாங்கப் போயிருந்த நேரத்தில் அது நடந்தது. ஓவனிலிருந்து கோழித் தட்டை எடுக்கும்போது சாறு வழிந்து அடியில் கொட்டிவிட்டது. ஃப்ரேடலின் ஓவனில் அடித்தளம் முழுக்கக் கெட்டி ஃபாயில் விரித்து, மூலைகளைப் படுக்கை விரிப்பு மாதிரி மடித்திருக்கும். யாரையும் அவள் அதைத் தொட விடமாட்டாள், தானே மாற்றுவாள். கொட்டியதைப் பார்த்தால் அதற்கும் பேச்சு வாங்க வேண்டுமே என்று, அவள் வருவதற்குள் மாற்றிவிடலாமென ஓவன் ஆறியதும் அஹுவா ஒரு மூலையை நிமிர்த்தினாள். சுருக்கென்று ஏதோ விரலில் ஏறியது. ரத்தம் வந்தது.

எனாமல் சில்லு. முட்டை ஓடு போல மெல்லியது, கத்தி போலக் கூர்மை.

ஃபாயிலை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். அடியில் எனாமலே இல்லை. செம்பழுப்புத் துரு, பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. ஓரங்களில் மட்டும் பழைய எனாமல் உடைந்த பற்கள் மாதிரி நின்றது. துருவின் பள்ளங்களில் கறுப்பாக, பிசுபிசுவென்று கொழுப்பு அப்பியிருந்தது. அவளுக்குச் சட்டென்று உறைத்தது அந்தக் கொழுப்புதான். எரித்த ஓவனில் சாம்பல்தான் இருக்கும், பிசுக்கு இருக்காது. முதல் நாள்தான் அவள் கேட்டிருந்தாள், "ஓவன் எரிச்சாச்சா அத்தை?" என்று. "போன மாசம் பூரிம் பண்டிகை முடிஞ்ச மறுநாளே எரிச்சாச்சு. நான் என்ன உன்னை மாதிரியா?" என்று ஃப்ரேடல் பதில் சொல்லியிருந்தாள்.

இது ஒரு வருடத்துப் பிசுக்கு இல்லை. பல வருடத்துப் பிசுக்கு. என்றைக்கோ எரிக்கப் போட்டபோது எனாமல் பெயர்ந்திருக்க வேண்டும். இன்னொரு முறை போட்டால் எல்லாமே கொட்டிவிடும் என்று பயந்து ஃப்ரேடல் அதற்குப் பிறகு எரிக்கவே இல்லை. மாற்றவும் முடியவில்லை. ஒரு கீறல் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதே. ஃபாயிலை விரித்து மூடிக்கொண்டு, ஒவ்வொரு பஸ்காவிலும் அடுத்தவர்களின் இறைச்சியை அதற்குள் வாங்கி வைத்திருக்கிறாள்.

அஹுவா புது ஃபாயிலை விரித்தாள். மூலைகளை ஃப்ரேடல் மடிக்கிற மாதிரியே மடித்தாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு மறுபடியும் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். அதற்குப் பதிலாக ஒரு பரிதாபம் வந்தது. எழுபது வயதுக்கு மேல் ஆன ஒருத்தி, யாரும் இல்லாத நேரம் பார்த்து முழங்கால் போட்டு ஃபாயில் மாற்றுகிற காட்சி கண்முன் வந்து நின்றது. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். அவளைப் பற்றிப் பேசும்போது இதையும் குறிப்பிட வேண்டும். அவள் அப்படித்தான் முடிவு செய்தாள்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது காரில் எல்கானனிடம், "உங்கம்மாவைப் பார்த்தா எனக்குச் சில நேரம் பாவமா இருக்கு" என்றாள்.

அவன் முகத்தில் பெரிய நிம்மதி. "அதைத்தான் நானும் சொல்லலாம்னு இருந்தேன். அம்மா என்ன வேணும்னா செஞ்சாங்க? கோழிச் சாறு சொட்டி உன் எனாமல் கெட்டுடக் கூடாதுன்னு நல்லதுக்குத்தானே வச்சாங்க."

அஹுவா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதை?" என்றாள்.

அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"எதை வச்சாங்க எல்கானன்?"

"அஹுவா, விடு."

"நீ பார்த்தியா?"

"எரிக்கப் போடறப்ப ஃபாயில் இருந்துச்சு. அம்மா முந்தின நாள்தான் விரிச்சாங்க. அவங்க வச்சா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். எனக்கு ஓவனைப் பத்தி என்ன தெரியும்?"

"அன்னிக்கு அங்கேயே நின்னுட்டு இருந்தியே. ஏன் வாயைத் திறக்கல?"

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "அவங்க வயசானவங்க. தாங்க மாட்டாங்க. நீ தாங்கிக்குவ."

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

பண்டிகைக்கு முந்தின நாள் ஃப்ரேடல் வீட்டுச் சமையலறையில் நிற்க இடமில்லை. பெஷா காலையிலேயே வைத்துவிட்டுப் போன மாட்டு நெஞ்சுக்கறி வெந்து, மூடிய பாத்திரத்தில் மேசைமேல் இருந்தது. அவள் அதை எடுத்துப் போக வந்திருந்தாள். இன்னும் இரண்டு பெண்கள் தங்கள் பாத்திரங்களோடு காத்திருந்தார்கள். ஓவன் கதவு திறந்திருந்தது, உள்ளே இன்னும் வெதுவெதுப்பு.

"பார்த்துக்கோ அஹுவா" என்றாள் ஃப்ரேடல், எல்லோருக்கும் கேட்கும்படி. "முப்பது வருஷத்து ஓவன். உன்னோடது எத்தனை வருஷம் தாங்கிச்சு? மூணா, நாலா?"

"நாலு அத்தை."

"எனாமல் மேல தப்பு இல்லைம்மா. வளர்ப்பு அப்படி."

பெஷா களுக்கென்று சிரித்தாள். அஹுவா கையுறையை மாட்டிக்கொண்டு ஓவன் முன் முழங்காலிட்டாள். "ஃபாயில் அழுக்காயிருக்கு அத்தை. இவங்க பாத்திரம் வைக்கறதுக்கு முன்னாடி மாத்திடறேன்."

"வேணாம். நான் பார்த்துக்கறேன்."

"உங்களுக்கெதுக்குச் சிரமம்?"

"நான் பார்த்துக்கறேன்னு சொல்றேன்ல?"

குரல் மாறியதை மற்றப் பெண்களும் கவனித்தார்கள். அஹுவா திரும்பிப் பார்த்தாள். ஃப்ரேடலின் முகத்தில் இருந்த நிறமெல்லாம் வடிந்துவிட்டது. மருமகளின் கண்ணைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அஹுவா" என்றாள் மெதுவாக. "வேணாம்மா. கண்ணு, வேணாம்."

கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வாயில் 'கண்ணு' என்ற சொல் வந்ததில்லை. அஹுவா ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்தாள். நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு அது நன்றாகவே தெரிந்தது. பிறகு இரண்டு மூலைகளையும் பிடித்து ஃபாயிலை ஒரே இழுப்பாக வெளியே இழுத்தாள். துருப்பொடியும் எனாமல் சில்லுகளும் தரையில் சிதறின.

காத்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி தன் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"இதுல பிசுக்கு இருக்கு" என்றாள் அஹுவா. "எரிச்ச ஓவன்ல பிசுக்கு எப்படி இருக்கும் அத்தை? எத்தனை வருஷமா எரிக்கல?"

ஃப்ரேடல் குனிந்து, தரையில் கிடந்த கசங்கிய ஃபாயிலை எடுத்தாள். ஓவன் முன் மெல்ல முழங்கால் போட்டு உட்கார்ந்து, அதை நீவி நீவி மறுபடியும் உள்ளே விரிக்கப் பார்த்தாள். கிழிந்துபோன மூலையை மடித்தாள். அது நிற்கவில்லை. மறுபடி மடித்தாள்.

அப்போது பெஷா சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மூக்கால், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். கண்ணில் நீர் வழிய, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முப்பது வருஷம்!" என்றாள் மூச்சு வாங்க. "ஒரு கீறல் இல்லை! ஐயோ, என் மக நிச்சயதார்த்தத்துல பழத்தைத் தின்னுட்டுப் போனாங்களே!"

காத்திருந்தவர்களில் ஒருத்தி ரபிக்குப் போன் செய்தாள். மூடிய பாத்திரத்தில் வெந்ததுதானே, உணவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்று அவர் சொன்னார்.

"ரபி பாவம்" என்றாள் பெஷா, ஃப்ரேடலின் குரலிலேயே. "யார் மனசையும் நோகடிக்க மாட்டார்." மேசைமேல் இருந்த தன் பாத்திரத்தைத் தூக்கி, வெந்த கறி முழுவதையும், குழம்போடு, ஃப்ரேடலின் கண்ணெதிரே குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். மற்றவர்களும் அவளோடு போய்விட்டார்கள்.

சமையலறையில் இருவர் மட்டும். ஃப்ரேடல் எழ முயன்றாள், முடியவில்லை. அஹுவா கை கொடுத்தாள். ஃப்ரேடல் அதைப் பிடிக்கவில்லை. ஓவன் கதவின் விளிம்பைப் பிடித்து எழுந்து, மாடிப்படி ஏறிப் போனாள்.

அந்த வருடப் பஸ்கா விருந்து கடைசியில் அஹுவா வீட்டில் நடந்தது, மேல் ஓவனில் சமைத்ததை வைத்து. மேசையில் அவளும் இரண்டு மகள்களும். எல்கானன் தன் தாயோடு இருக்கப் போனான். அங்கே இருவரும் புளிப்பில்லாத அப்பமும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். அஹுவாவின் வீட்டில், அந்த விருந்தில் வாசிக்க வேண்டிய எகிப்தின் வாதைகளைச் சின்னவள் சத்தமாக வாசித்தாள். தவளைகள், கொப்புளங்கள், கல்மழை. "பாட்டி ஏன் வரல?" என்று பெரியவள் கேட்டாள். "உடம்பு சரியில்லை" என்றாள் அஹுவா. அவளுக்கு அன்று நல்ல பசி. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் திரும்பி வந்த எல்கானன் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான். "எல்லாரையும் வச்சுக்கிட்டு அம்மாவை அவமானப்படுத்திட்ட. இப்ப சந்தோஷமா?"

"இல்லை. ஆனா நல்லாத் தூக்கம் வருது."

ஃப்ரேடல் வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். ஜெப ஆலயத்தில் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அவள் உட்காருகிற இடம் சில வாரம் காலியாக இருந்தது. பிறகு பெஷா அங்கே நகர்ந்து உட்கார்ந்தாள். கதை எல்லா வீட்டுக்கும் போனது, போகப் போகத் துரு ஓட்டையானது, ஓட்டையில் எலி வந்தது. அஹுவா தான் பார்த்ததற்கு மேல் எதையும் சொல்லவில்லை. மற்றவர்கள் கூட்டிச் சொன்னபோது மறுக்கவும் இல்லை.

எல்கானன் தினமும் ஒரே பாட்டாகப் பாடினான். "ஒரு தடவை போய் மன்னிப்புக் கேளு. எனக்காக." அவன் அவளிடம் எப்போதாவது மன்னிப்புக் கேட்டானா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் எதற்கு என்றிருப்பான். வசந்தம் முடிகிற சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் கிளம்பிப் போனாள்.

மணி அடித்து நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. சங்கிலி கழற்றப்படவில்லை. இடுக்கில் ஃப்ரேடலின் பாதி முகம் தெரிந்தது. மெலிந்திருந்தாள். தலைமுடிமேல் போட்டிருந்த துணி கோணலாக இருந்தது. இதற்கு முன் அவளை அப்படி யாரும் பார்த்திருக்க முடியாது.

"எதுக்கு வந்தே?" என்றாள். "மன்னிப்புக் கேக்கவா, என் நிலைமையைப் பார்த்துட்டுப் போகவா?"

அஹுவா வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அது இப்போது நாக்கில் வரவில்லை.

"ரெண்டுக்கும்தான்" என்றாள்.

ஃப்ரேடல் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். மற்றவர்கள் முன் சிரிக்கிற சிரிப்பல்ல. வறண்ட, சின்னச் சிரிப்பு.

"இந்த வாயை மொத நாளே காட்டியிருந்தா உன்னை எனக்குப் பிடிச்சிருக்கும்" என்றாள். கதவைச் சாத்தினாள்.

அஹுவா வீட்டுக்கு வந்தபோது எல்கானன் வாசலிலேயே நின்றிருந்தான். "பேசினியா? அம்மா என்ன சொன்னாங்க?"

"என்னைப் பிடிக்கும்னாங்க."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தியா, நான் சொன்னேன்ல? அம்மா மனசு தங்கம்" என்றான். அவள் திருத்தவில்லை. பிடித்த கையை உதறவும் இல்லை. கோடையில் ஃப்ரேடல் வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவில் தன் தங்கையிடம் போய்ச் சேர்ந்தாள். மகனையும் பேத்திகளையும் வழியனுப்ப வரச் சொன்னவள், அஹுவாவை மட்டும் ஏன் வர வேண்டாம் என்றாள் என்பது எல்கானனுக்குக் கடைசி வரை விளங்கவே இல்லை.